கோபித்துக்கொண்டு போன வயல்

நெடுவரம்பூரில் செங்கமலத்தின் ஒரு ஏக்கர் வயல் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனது சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினோரு மணிக்கு, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதேதான். கோடையில் மூன்றாம் போகம் நெல் போடுவதற்காக உர மூட்டைகளை டிராக்டரிலிருந்து இறக்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மூட்டை தொப்பென்று விழுந்ததும் வயல் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, நாலு பக்கத்து வரப்பையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டது, மூட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டுப் பாயைச் சுருட்டுகிற மாதிரி தன்னைத்தானே பாதி சுருட்டிக்கொண்டு எழுந்தது, வாய்க்காலைத் தாண்டி, பூவரசு மரத்தைச் சுற்றிக்கொண்டு, தார்ச்சாலையில் ஏறி, எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, வடமேற்கே பார்த்து நடையைக் கட்டிவிட்டது. அதன் நடுவில் நட்டு வைத்திருந்த பச்சைப் போர்டு, 'செயல்விளக்கத் திடல் – வேளாண்மைத் துறை' என்ற வெள்ளை எழுத்தோடு, நடைக்குத் தக்கபடி ஆடிக்கொண்டே கூடப் போயிற்று. பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தாராம், வயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

ஊரில் யாரும் இதை அதிசயம் என்று வாயைப் பிளக்கவில்லை. நெடுவரம்பூரில் கோபித்துக்கொண்டு போனவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மருமகள்கள் போயிருக்கிறார்கள், மாமனார்கள் போயிருக்கிறார்கள், திருவிழாவில் முதல் மாலை கிடைக்கவில்லை என்று ஒரு நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே போயிருக்கிறார், வயலுக்கு மட்டும் ரோஷம் இருக்கக் கூடாதா என்ன? ஆகவே டீக்கடையில் கூடியவர்கள், வயல் எப்படி நடக்கும், ஒரு ஏக்கர் அகலம் ரோட்டில் எப்படிக் கொள்ளும் என்றெல்லாம் வீண் ஆராய்ச்சி பண்ணாமல், வீட்டுப் பெண் பிறந்தகம் போய்விட்டால் முதலில் கேட்கிற கேள்வியையே கேட்டார்கள்.

"போற அளவுக்கு யாரு என்ன பண்ணுனாங்க?"

கேட்டுவிட்டு எல்லாரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தது பக்கிரிசாமியை. அவர் உதவி வேளாண்மை அலுவலர். இருபத்திரண்டு வருஷமாக அதே ஊரில், அதே பைக்கில், அதே கைப்பையோடு வந்து போகிறவர். மேலிருந்து இத்தனை ஏக்கர் நெல் என்று இலக்கு வரும். இவர் ஊருக்குள் இறங்கி, பேசிப் பேசி, மானியம் மானியமென்று சொல்லிச் சொல்லி, இலக்குக்கு இரண்டு ஏக்கர் கூடவே காட்டிவிடுவார். அன்றைக்கு அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனதை ஊர் கவனித்துக்கொண்டது.

செங்கமலத்தின் வயல் சாதாரண வயல் இல்லை. அவர் பதினெட்டு வருஷம் அடுத்தவர் வயல்களில் குனிந்து நாற்று நட்ட கூலியில் வாங்கிய வயல். பட்டா கைக்கு வந்த அன்று, இனிமேல் என் காலடிச் சேறு என் சேறுதான் என்று சொல்லி, காலைக் கழுவாமலே வீட்டுக்குள் போய்ப் படுத்தவர் அவர். அந்தக் கோடைக்கு உளுந்து தெளிக்கலாம் என்றுதான் இருந்தார்.

"நெலமும் கொஞ்சம் மூச்சு வுடட்டும் சார்" என்று சொல்லவும் சொன்னார்.

"உளுந்து போட்டு யாருகிட்டம்மா விப்பீங்க? கொள்முதல் நிலையத்துல நெல்லுதானே வாங்குறோம்?" என்று பக்கிரிசாமி கேட்டார். "கரண்டு ஃப்ரீ, தண்ணி கீழ கெடக்கு, விதைக்கு மானியம், உரத்துக்கு மானியம். மாதிரி வயல்னு போர்டு வெச்சிடுவோம். ஆட்சியரே வந்து போட்டோ புடிப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொள்முதல் நிலையம் நெல்லைத்தான் வாங்கியது, மின்சாரம் இலவசந்தான், எல்லா மானியமும் நெல் இருக்கிற பக்கம் பார்த்துத்தான் சாய்ந்தது, அதனால் நெடுவரம்பூரில் நெல்லைத் தவிர வேறெதையும் நினைத்துப் பார்ப்பவனுக்கு மண்டை குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். செங்கமலம் யோசித்தார், தலையாட்டினார், வயல் போயிற்று.

வயல் இருந்த இடத்தில் உப்புப் பூத்த வெறுந்தரை ஒரு ஏக்கர் அளவுக்குச் சதுரமாகக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, செங்கமலம் நேராக வேளாண் விரிவாக்க மையத்துக்குப் பக்கிரிசாமியிடம் வந்தார்.

"சார், உங்க பேச்சக் கேட்டுத்தான் அது போச்சு. நீங்கதான் கூட்டியாரணும்" என்றார். அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. வயல் ஐந்து மைல் தாண்டி மேட்டுச் சில்லாங்குடியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்ற சேதி வந்ததும், கிராம நிர்வாக அலுவலர் சட்டத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வைகாசி கடைசியில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை நிலப் பதிவேடுகளையெல்லாம் தாலுகா ஆபீசில் வைத்து ஆட்சியர் சரிபார்க்கிற நாள். அன்றைக்கு வயல் எந்த ஊர் எல்லையில் கிடக்கிறதோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். சில்லாங்குடியில் செங்கமலத்துக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத நிலம் புறம்போக்கு. பதினெட்டு வருஷத்து நாற்று நடவு ஒரே கையெழுத்தில் சர்க்காருடையதாகிவிடும்.

"அஞ்சு வாரம் இருக்கு" என்றார் கிராம நிர்வாக அலுவலர், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பக்கிரிசாமி முறைப்படி மேலே தகவல் எழுதினார். மேலேயிருந்தும் முறைப்படி பதில் வந்தது: 'தங்கள் பொறுப்பிலுள்ள செயல்விளக்கத் திடல் முன் அனுமதியின்றித் தலைமையிடத்தைவிட்டு நீங்கியது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலமாக விளக்கம் அளிக்கவும்.' அவர் விளக்கம் எழுதினார். அது போதுமானதாக இல்லை என்று இன்னொரு கடிதம் வந்தது. அதற்குள் நெடுவரம்பூரிலிருந்து இன்னும் பதினொரு வயல்கள் கிளம்பிப் போயிருந்தன.

ஊர் தன் போக்கில் சமாளித்தது. மனிதர்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ளவில்லை? உரக்கடை சிங்காரவேலு, யூரியா விற்பனை படுத்துவிட்ட மனக்கஷ்டத்தை இரண்டே நாளில் உதறிவிட்டு, வயல் கட்டுகிற சங்கிலி என்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மூலைக்கு ஒன்றாக நாலு முளை, நடுவில் ஒரு பூட்டு. கட்டின மறுநாளே மூன்று வயல்கள் சங்கிலியோடு போய்விட்டன. சிலர் வரப்பில் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார்கள். அதில் ஒருவர் மத்தியானத் தூக்கத்தில் கண்ணசந்து, விழித்துப் பார்த்தபோது கட்டிலோடு சில்லாங்குடியில் இருந்தார், அங்கே அவருக்கு மோரும் ஊறுகாயும் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். இதுவரை மனைவியைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டறியாத ஆண்கள் காலையில் வயலுக்குப் போய், கண்ணு, ராசாத்தி என்று கொஞ்சிப் பார்த்தார்கள். வயல்கள் மசியவில்லை.

மேட்டுச் சில்லாங்குடி மானாவாரிப் பூமி, ஆட்டுக்கிடைக்காரர்களின் ஊர். வந்த வயலுக்கு அங்கிருந்த நிலங்கள் பஸ்ஸில் நகர்ந்து உட்கார்கிற மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது, வயிறாரச் சோறு போட வேண்டும், உரியவர்கள் முறையாக வந்து அழைக்காமல் திருப்பி அனுப்பவும் கூடாது என்று முடிவாயிற்று. முந்நூறு ஆடுகளை வைத்திருந்த அங்குச்சாமி தன் கிடையை ஓட்டி வந்து வயலில் மடக்கினார். ஆடுகள் ஆறு நாள் அங்கேயே கிடந்து புழுக்கை போட்டன, மூத்திரம் பெய்தன, குட்டி போட்டன. வயல் சாவகாசமாகக் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சரி, முறையாகவே அழைப்போம் என்று நெடுவரம்பூர் புறப்பட்டது. ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று பதினொரு பேர், பதினொரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு ஒன்றில், வாழைப்பழம் ஒன்றில், மல்லிகைப்பூ, மஞ்சள், குங்குமம், சர்க்கரை, தேங்காய், சந்தனம், கற்கண்டு, ஒரு பச்சைப் பட்டு. பத்துத் தாம்பாளம் ஆனது. பதினோராவதற்கு என்ன வைப்பது? ஊரில் கிடைப்பதற்கு அரிய பொருளை வைப்பதுதானே மரியாதை? வயல்கள் போவதற்கு முந்தின வாரம் பூராவும் கூட்டுறவு சங்கத்தில் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்று, கைரேகை வைத்து, அடிதடி ஆகி வாங்கிய பொருள் ஒன்று இருந்தது. அதைத் தாம்பாளத்தில் ஏற்றி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோனார்கள். ஒரு மூட்டை யூரியா.

மேளச் சத்தம் கேட்டதும் வயல் லேசாகத் தலையைத் தூக்கியதாம். வெற்றிலைத் தட்டைப் பார்த்தது, பூவைப் பார்த்தது, பட்டைப் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் ஈரங்கூடக் கசிந்ததாம். அப்புறம் மாலை போட்ட மூட்டையைப் பார்த்தது. எழுந்தது, இரண்டு பர்லாங் தள்ளிப் போய் உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டது. பச்சைப் போர்டு மெதுவாகச் சுழன்று துருப்பிடித்த முதுகை அவர்களுக்குக் காட்டியது. மேளக்காரர் பாதியில் நிறுத்தினார்.

"ஏன்யா, தீக்குப் பயந்து ஓடி வந்தவளுக்கே தீப்பெட்டியச் சீரா கொண்டாந்தீகளா?" என்று அங்குச்சாமி கேட்டார். பதினொரு பேரும் தாம்பாளங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வழியில் வாழைப்பழத்தைத் தின்று தீர்த்தார்கள்.

அந்தப் பதினொரு பேரில் பக்கிரிசாமியும் ஒருவர். மறுநாள் காலை அவர் தனியாகப் போனார். தட்டு இல்லை, பை இல்லை. உடைமரக் காட்டைத் தாண்டி வரப்போரம் போய் நின்றார், குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டி இவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பக்கிரிசாமி இன்னொரு பிடி எடுத்துப் பார்த்தார். இந்த மண்ணை அவர் அதுவரை தொட்டதே இல்லை.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு வயலிலும் ஐந்து இடத்தில் குழி வெட்டி, மண் எடுத்து, பையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்த வயலுக்கு எவ்வளவு உரம் என்று அங்கிருந்து சீட்டு வரும். நல்ல திட்டம், இருநூற்று நாற்பது பை, நாலே நாள் அவகாசம், பங்குனி வெயில். பக்கிரிசாமி விரிவாக்க மையத்து வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலடி மண்ணை வெட்டி வெட்டி இருநூற்று நாற்பது பையையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பேர் எழுதி அனுப்பிவிட்டார். இருநூற்று நாற்பது வயலுக்கும் ஒரே சீட்டு வந்தது. ஊரே ஒற்றுமையாக இருக்கிறது என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

அங்குச்சாமி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்க ஊரு முறை என்னன்னா, தப்புப் பண்ணவன் வந்து சபையில சொல்லணும். சும்மா மன்னிச்சுக்கன்னு சொன்னா விட மாட்டோம். என்ன பண்ணுனேன், இனிமே அந்த வீட்ல என்ன மாறும், அதுக்கு யாரு பொறுப்பு, இந்த மூணையும் சொல்லணும்யா. கேட்டுட்டுப் பொண்ணு முடிவு பண்ணிக்கிடும்."

"வீட்டுல மாறுறது என் கையில இல்லியே அண்ணே. மேல மாறணும்."

"அப்ப மேல போயிச் சொல்லுங்க. என்ட்டச் சொல்லி என்ன பண்ண?"

பக்கிரிசாமி ஒன்பது நாள் லீவு போட்டார். காலை எட்டு மணிக்கு அந்த வரப்புக்கு வந்துவிடுவார், உடைமர நிழலில் கைப்பையை மடியில் வைத்து எழுதுவார், வெயில் சாயக் கிளம்பிப் போவார். இருபத்திரண்டு வருஷமாக மேலிருந்து வந்ததைக் கீழே சொன்னவர், கீழே இருப்பதை மேலே சொல்லும்படியாக முதல்முறையாக எழுதினார். கொள்முதல் நிலையம் நெல்லோடு உளுந்தையும் எள்ளையும் கேழ்வரகையும் வாங்கினாலே கோடையில் யாரும் கிணற்றின் அடிவயிற்றைத் தோண்டி நெல் போட மாட்டார்கள் என்று எழுதினார். மூன்றாம் போக நெல்லுக்குக் கொடுக்கிற மானியத்தை மூன்றாம் போகம் போடாமல், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். கிடை மடக்குகிற ஆட்டுக்காரருக்கு நூறு நாள் வேலையில் கூலி உண்டென்றால் சில்லாங்குடி ஆடுகளெல்லாம் நெடுவரம்பூரில்தான் படுக்கும் என்று எழுதினார். ஒருவர் மட்டும் மாறினால் பக்கத்து வயலில் அடித்த மருந்து தண்ணீரோடு அவர் வயலுக்கே வந்து சேர்கிறது, ஆகவே ஒரு வாய்க்காலில் பாயும் வயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு வேண்டும் என்று எழுதினார். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் முதல் பக்கத்தை எழுதினார். அதில் வேப்பமரம் இருந்தது.

முதல் பக்கத்தோடு அதை மேலே கொடுத்தால் வேலை போகலாம். முதல் பக்கம் இல்லாமல் வயலிடம் படித்தால் அது நம்பாது. பக்கிரிசாமி அதைச் செங்கமலத்திடம்தான் முதலில் படித்துக் காட்டினார். செங்கமலம் இரண்டாவது வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருநூத்தி நாப்பது பையும் வேப்பமரத்தடி மண்ணா?"

"ஆமாம்மா."

"அப்ப எங்க நெலத்துக்கு நாங்க போட்டதெல்லாம் அந்த வேப்பமரத்துக்கு எழுதுன சீட்டா?"

"ஆமாம்மா."

செங்கமலத்துக்கு வந்த கோபத்துக்குப் பக்கத்திலிருந்த அடுப்புக் கட்டையை எடுத்து வீசியிருக்கலாம், கை அந்தப் பக்கம் போகவும் போனது. அப்புறம் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"குடிங்க. தொண்ட காஞ்சிருக்கு. அங்க வந்து சத்தமாப் படிக்கணும், நானும் வரேன்."

ஜமாபந்திக்கு முதல் நாள், இரண்டு ஊர்க்காரர்களும் உடைமரக் காட்டில் கூடியிருக்க, பக்கிரிசாமி வரப்பில் நின்று முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தார். வேப்பமரத்தைச் சொன்னபோது நெடுவரம்பூர்க்காரர்கள் 'அடப்பாவி' என்றார்கள், சில்லாங்குடிக்காரர்கள் சிரித்தார்கள், சிங்காரவேலு இருமிக்கொண்டார். வியர்வையில் கண்ணாடி வழுக்கியது. படித்து முடித்து நிமிர்ந்தபோது போர்டு துருப்பிடித்த முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. முழுசாகத் திரும்பவில்லை. பக்கவாட்டில் நின்றது.

"பாதிக்கு ஒத்துக்கிடுச்சு. மீதிக்குக் கையெழுத்துக் கேக்குது" என்றார் அங்குச்சாமி.

மறுநாள் தாலுகா ஆபீஸ் மைதானத்தில் ஷாமியானா போட்டு, மேஜை போட்டு, மின்விசிறி வைத்து ஜமாபந்தி நடந்தது. ஆட்சியர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். நெடுவரம்பூர் பதிவேடு விரிந்திருந்தது. செங்கமலத்தின் சர்வே எண்ணுக்கு நேராகக் கோடு அடிக்கச் சிவப்பு மையைத் தாசில்தார் தொட்டுவிட்டார். அப்போது வாசல் பக்கம் கூட்டம் விலகியது. வரிசையில் வருகிறவர்களுக்கு எப்படி வழிவிடுவார்களோ அப்படித்தான் வழிவிட்டார்கள். வயல் வந்துகொண்டிருந்தது. போர்டு ஆடியது, ஓரத்தில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் இறங்க மனமில்லாமல் நின்றுகொண்டு வந்தன. மனு கொடுக்கிற எல்லாரையும் போல அது ஷாமியானாவுக்குள் நுழைந்து, மேஜைக்கு அடியிலும் நாற்காலிக்கு அடியிலும் நிதானமாக விரிந்து படுத்தது. முந்தின நாள் ராத்திரி சில்லாங்குடியில் கோடை மழை பெய்திருந்தது. அதிகாரிகளின் நாற்காலிகள் ஒவ்வொன்றாக முழங்கால் அளவுக்கு இறங்கின.

"மேடம், இது ஆக்கிரமிப்பு" என்றார் தாசில்தார், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆட்சியர் எழுந்து போகத்தான் பார்த்தார். இரண்டு செருப்பும் சேற்றில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றன. அந்தச் சமயம் பார்த்துப் பக்கிரிசாமி காகிதக் கட்டை நீட்டினார். வேறு போக்கிடம் இல்லாததால் ஆட்சியர் உட்கார்ந்து படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் தலையைத் தூக்கினார்.

"இத எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

கொஞ்சம் தள்ளி, தன் வயலின் ஓரத்தில், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் வரை சேற்றில் நின்ற செங்கமலத்தைப் பக்கிரிசாமி காட்டினார். "இவங்க நெலம் மேடம். என் பேச்சக் கேட்டுப் போச்சு."

ஆட்சியர் மிச்சப் பக்கங்களைப் படித்தார். சிங்காரவேலு எழுந்து, உரக்கடைகளின் வாழ்வாதாரம் என்று ஆரம்பித்தார். வயல் அவருக்கு அடியில் மட்டும் இன்னும் அரை முழம் இறங்கியது, உட்கார்ந்துவிட்டார். ஆட்சியர் பேனாவைத் திருகிக்கொண்டு யோசித்தார்.

"மாநிலத்துக்கே மாத்துறது என் கையில இல்ல. இந்தத் தாலுகாவுக்கு முன்மாதிரித் திட்டமா மூணு வருஷம் போட முடியும். உளுந்து, எள்ளு கொள்முதல், தக்கைப்பூண்டுக்கு மானியம், கிடைக்குக் கூலி. மூணு வருஷந்தான். அதுக்கு ஒத்துக்குமா?"

எல்லாரும் கீழே பார்த்தார்கள். வயல் அவசரப்படவில்லை. மின்விசிறி ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி வந்தது. அப்புறம் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டு, ஆட்சியரின் இடது செருப்பு மேலே வந்தது. வலது செருப்பை வயல் வைத்துக்கொண்டது. செங்கமலத்தின் சர்வே எண் நெடுவரம்பூர் பதிவேட்டிலேயே நிற்கும் என்பதும் சேர்த்து உத்தரவு தட்டச்சாகி, எழுத்துப்பிழை திருத்தப்பட்டு, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, நகல் ஒன்று செங்கமலத்தின் கைக்கு வந்த பிறகே அதையும் விட்டது. சேறு துடைத்துக்கூடக் கொடுத்தது என்று ஊரில் சொல்வது கொஞ்சம் மிகை.

பக்கிரிசாமிக்கு வேலை போகவில்லை. ஒரு வருஷத்து ஊதிய உயர்வு போனது, இருநூற்று நாற்பது வயலிலும் வயலுக்கு ஐந்து குழி வீதம் தன் கையால் மண் எடுத்து, தன் தலையில் சுமந்து பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் அதே உத்தரவின் கடைசிப் பத்தியில் இருந்தது. அன்று சாயங்காலம் வயல் முன்னே நடக்க, செங்கமலம் அதன் மேலேயே ஓரமாக உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர, அங்குச்சாமியின் ஆடுகள் பின்னே வர, பக்கிரிசாமி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே மினி பஸ் எதிரே வந்தது. இந்தத் தடவை பஸ் ஒதுங்கி நின்றது.

போன மற்ற வயல்கள் உடனே வந்துவிடவில்லை. தூதுக்கு ஆள் அனுப்புவதுபோல ஆடியில் ஒன்று வந்து பார்த்தது, ஆவணியில் நாலு வந்தன, மாசியில் கொள்முதல் நிலைய வாசலில் முதல் உளுந்து மூட்டை தராசில் ஏறிய வாரம் மிச்சமெல்லாம் சேர்ந்தாற்போல் வந்தன. சங்கிலியோடு போனவை சங்கிலியோடே வந்தன. சிங்காரவேலு இப்போது தக்கைப்பூண்டு விதை விற்கிறார், ஆரம்பத்திலிருந்தே தனக்கு அதில்தான் ஈடுபாடு என்கிறார்.

செங்கமலத்தின் வயல் அதன் இடத்தில் இறங்கியது, வரப்புகளை நீட்டிக்கொண்டது, வாய்க்காலோடு மடையைப் பொருத்திக்கொண்டது. ஆனால் சில்லாங்குடியைப் பார்த்த வடமேற்கு மூலையை மட்டும் தரையில் வைக்கவில்லை. ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. பக்கிரிசாமி பதறிப்போனார்.

"கெடக்கட்டும் வுடுங்க சார்" என்றார் செங்கமலம். "போய்ச்சேந்த எங்க வூட்டுக்காரரு குடிய வுட்டுட்டேன்னு சொல்லிக் கூட்டியாந்தப்ப, நானும் மூணு வருஷம் பொட்டியப் பிரிக்காமத்தான் வெச்சிருந்தேன்."

மூன்றாவது வருஷம் முடியப் போகிற பங்குனியில் மேலேயிருந்து கடிதம் வந்தது. முன்மாதிரித் திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றதாகத் தெரிகிறது. வயல்கள் அனைத்தும் திரும்பிவிட்டன. ஆகவே உத்தரவை மேலும் நீட்டிக்க வேண்டிய அவசியம் என்ன என்பதற்கு உதவி வேளாண்மை அலுவலர் அறிக்கை அனுப்ப வேண்டும். பக்கிரிசாமி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வெயில் கொளுத்தியது. உளுந்து காய்த்துக் கிடந்தது. வடமேற்கு மூலையில் மண்டியிட்டு, அடியில் கையை விட்டுப் பார்த்தார். முதல் வருஷம் ஒரு சாண் இருந்தது, போன வருஷம் நாலு விரல். கை நுழைந்த இடத்தில் காற்று சில்லென்று இருந்தது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார்.

'வயலின் வடமேற்கு மூலை இன்னும் இரண்டு விரல்கடை தரையில் படவில்லை. நானே நேரில் சென்று கை விட்டுப் பார்த்தேன்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், காகிதத்தின் ஓரத்தில் அப்படியே ஒற்றி அனுப்பினார்.